உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அதே புதன்கிழமைதான் அத்தையும் தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தைவிட்டுக் கிளம்பினாள். எனக்கு இரவு விமானம். அத்தைக்கு வேலை போயிருந்தது. இருவரும் ஒரே லிஃப்டில் இறங்கினோம். ஏணி நேராக நிற்க இடமில்லாததால் அதைக் குறுக்கே சாய்த்து, அதன் படிகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கப்பலில் வரும் சரக்குகளுக்குக் காகிதங்கள் தயாரித்து அனுப்பும் அலுவலகத்தில் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். அங்கே கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்தபோது, மேசைக்கடியில் தவழ்ந்துபோய் வயரைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அத்தை தவழ்ந்தாள். அந்த வேலை அவளோடேயே ஒட்டிக்கொண்டது. அடக்கமெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது. "இந்தக் கட்டடத்துல எனக்குத் தெரியாம ஒரு வயர் மூச்சு விடாது" என்பாள். வீட்டில் மட்டும் இண்டர்நெட் வந்து வந்து போகும். "ஊருக்கே வைத்தியம் பாக்கறா, வீட்டுல எனக்கு ஒரு மாத்திரை கிடையாது" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

நெட் வரவில்லை என்று யார் போன் செய்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவருடைய மேசையில். எல்லாருக்கும் என்றால் எல்லா வயரும் வந்து சேரும் பெட்டி அறையிலோ தெருவிலோ. பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'எல்லாருக்குமா அக்கா' என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் பதில் ஒவ்வொரு தடவையும் 'எல்லாருக்கும்' என்றே வந்தது. திடீரென்று மொத்த அலுவலகமும் செத்துப்போகும். பெட்டி அறையில் எல்லா விளக்கும் பேய் பிடித்ததுபோல ஒன்றாகத் துடிக்கும். அத்தை கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பாள். பாதிகூட முடிந்திருக்காது, தானாகவே சரியாகிவிடும். மறுநாள் மறுபடியும். சரக்கு துறைமுகத்திலேயே கிடந்தது. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். திங்கட்கிழமை மேலாளர் அத்தையைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை போனாலும் இந்த வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதற்காகச் சம்பளம் பெறும் ஒரே ஆள் அத்தை. ஆகவே அதன் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது.

புதன்கிழமை நான் முதுகுப் பையோடு விடைபெறப் போனபோது அத்தையின் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை. ஏணியின் உச்சியில் நின்று தலையைக் கூரைக்குள் விட்டிருந்தாள்.

"அத்தை, நான் கிளம்பறேன்."

"கிளம்பு மருமகளே. ஆனா இப்ப இல்ல. இது சரியாகாம நான் கீழ இறங்கினா என் தலை உருளும். அந்த மீட்டிங் ரூம்ல போய் உக்காரு."

உட்கார்ந்தேன். மறுநாள் போய்ச் சேரவேண்டிய விடுதிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. மேசையை ஒட்டிய சுவரில் இரண்டு சாக்கெட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு கேபிள், இரண்டு முனையும் இரண்டிலும் சொருகப்பட்டு, வில்போல அழகாக வளைந்திருந்தது. ஒரு முனையைப் பிடுங்கி என் லேப்டாப்பில் மாட்டினேன்.

வெளியே ஹாலில் பெரிய கூச்சல். "வந்துருச்சு! வந்துருச்சு!"

"நான் இன்னும் எதையுமே தொடலையேடா" என்று கூரைக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

செய்தியை அனுப்பிவிட்டுக் கேபிளை லேப்டாப்பிலிருந்து உருவித் தரையில் விட்டேன். அத்தையிடம் போய் நின்றேன். அவள் பாதி ஏணி இறங்கியிருந்தாள். அப்போது ஹாலில் மறுபடியும் ஒருவர் தலையில் கை வைத்தார். "போச்சு!"

அத்தை அப்படியே நின்றாள். அவள் கண் என்மேல் விழுந்தது.

"இப்ப எங்க இருந்து வர்ற?"

"நீங்க சொன்ன ரூம்லருந்துதான்."

"உள்ள என்ன பண்ணின?"

சொன்னேன். மீதிப் படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்புவதற்குள் அறைக்குள் இருந்தாள்.

அங்கே வரவேற்பு மேசைப் பெண் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான். பேனாக்களை அளவு பார்த்து அடுக்குவாள், நாற்காலிகளை ஒரே வரிசையில் நிறுத்துவாள். அதனால் அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர். சுவரில் கேபிள் மறுபடியும் வில்போல வளைந்து, இரண்டு முனையும் உள்ளே போயிருந்தது.

"இதை நீயா சொருகின?"

"ஆமாக்கா. தரையில கிடந்துச்சு. யாராவது தடுக்கி விழுந்துடுவாங்கன்னு... மீட்டிங் முடிஞ்சதும் எப்பவும் நான்தான் எடுத்து வைப்பேன்."

மீட்டிங் தொடங்கும்போது யாரோ ஒரு முனையைப் பிடுங்கி லேப்டாப்பில் மாட்டுவார்கள், நெட் வந்துவிடும். மீட்டிங் முடிந்ததும் நேர்கோடு வந்து ஒழுங்குபடுத்துவாள், நெட் போய்விடும். ஒரே கேபிளின் இரண்டு தலையும் சுவருக்குள் போனால், அனுப்பிய செய்தி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். அலுவலகத்தின் பழைய பெட்டிக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை.

அத்தை ஒரு முனையை உருவினாள். ஹாலில் கைதட்டல் கேட்டது. நேர்கோடு அந்தக் கைதட்டலைக் கேட்டாள், அத்தையின் கையிலிருந்த முனையைப் பார்த்தாள். அவள் முகம் துணிபோல வெளுத்தது.

மேலாளர் கதவருகே வந்து நின்றார். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு. இந்த ஒரு கேபிள்தான்."

"யாரு பண்ணது? ஒரு வாரமா என் உசுரை எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

நேர்கோட்டின் கையில் துடைக்கும் துணி கசங்கியது. அவள் வாயைத் திறக்கப் போனாள். அத்தை முந்திக்கொண்டாள்.

"நான்தான். போன வாரம் இந்த ரூமை மாத்திப் போட்டப்ப இந்த ரெண்டாவது சாக்கெட்டை நான் மூடியிருக்கணும். மூடலை. தெறந்து கிடந்தா யாரா இருந்தாலும் சொருகத்தான் செய்வாங்க."

"அப்போ இத்தனை நாளும் உங்க தப்பா?"

"ஆமா."

நான் பேச வாயெடுத்தேன். அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. இடுக்கி பிடித்துப் பழகிய கை அது, வலித்தது. திங்கட்கிழமை வெளிக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், அதுவரை இருங்கள் என்றார் மேலாளர்.

"அதான் சரியாயிடுச்சே. இருந்து என்ன பண்றது? ஏணி மட்டும் என்னோடது, எடுத்துக்கறேன்."

லிஃப்டில் படிகளுக்கு நடுவிலிருந்து கேட்டேன். "ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"பொய்யா சொன்னேன்? மூடாம விட்டது நான்தானே. ஊரெல்லாம் நான் பெரிய ஆளுன்னு பீத்திக்கிட்டு ஒரு ஓட்டையைக் கோட்டை விட்டுட்டேன்." ஏணியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள். "அவளுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு. இதைச் சொல்லி அனுப்பினா அடுத்த இடத்துல யாரு சேத்துப்பாங்க? எனக்கு ஏணியாவது இருக்கு. சரி, அழாத, மூக்கைத் துடை. பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரன் பயந்துடுவான்."

பிறகு சில வருடங்கள் நான் பல ஊர்களில் அலைந்தேன். ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. விடுதியிலோ காப்பிக் கடையிலோ நெட் வராவிட்டால் பக்கத்து மேசைக்காரரிடம் போய் "உங்களுக்கும் வரலையா?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டுத்தான் பல ஊர்களில் எனக்கு முதல் சிநேகிதம் கிடைத்தது. நெட் நன்றாக வந்துகொண்டிருந்த நாட்களிலும், அறையில் தனியாக உட்கார்ந்து மனசு கனத்தால் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாருக்கும்தான். அத்தைக்கு இது தெரியாது, சொன்னால் இன்னும் பீற்றிக்கொள்வாள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

திரும்பி வந்தபோது அத்தை ஸ்கூட்டரில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஓட்டுநர் பள்ளி, ஒரு அச்சகம், ஒரு பல் டாக்டர். மாதம் நன்றாகவும் போகும், மந்தமாகவும் போகும். ஏணியை வண்டியில் கட்ட முடியாது என்பதால் மாமா பின்னால் உட்கார்ந்து அதைத் தோளில் தாங்கியபடி வருவார். "மாப்பிள்ளை ஊர்வலம்" என்று தெருவில் கேலி செய்தார்கள். பழைய அலுவலகத்தைப்பற்றி அத்தை ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. "மேசைக்கடியில தவழவிட்டாங்களே, அதுக்கே நான் கும்பிடணும். இல்லேன்னா இன்னும் டைப் அடிச்சிட்டு இருந்திருப்பேன்" என்பாள். ஆனால் அந்தத் தெரு வழியாக மட்டும் வண்டியை விடமாட்டாள். சுற்றிக்கொண்டுதான் போவாள்.

போன வாரம் மாமாவுக்கு முதுகுவலி. ஏணி என் தோளுக்கு வந்தது. பல் டாக்டரின் அறையில் அத்தை கூரைக்குள் தலையை விட்டிருந்தாள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர் எங்களை மிரட்சியோடு பார்த்தார். என் கையிலிருந்த அவளுடைய போன் ஒலித்தது.

"யாருன்னு பாரு."

"பேர் இல்லாத நம்பர். மெசேஜ் வந்திருக்கு."

"படி. சத்தமா படி, இங்க ஒண்ணும் கேக்கலை."

படித்தேன்.

"அக்கா, நான் நேர்கோடு. இப்ப நம்ம பழைய ஆபீசை நான்தான் பாத்துக்கறேன். காலையிலருந்து நெட் இல்லை. எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். வெளிக் கம்பெனிக்காரங்க பாத்துட்டு கையை விரிச்சிட்டாங்க, இனிமே அவங்க வரமாட்டாங்க. நீங்கதான் வரணும், இன்னிக்கு மட்டும் இல்லை. சத்தியமா இந்தத் தடவை நான் எதையும் சொருகலை. ஏணி இங்க யாரும் வாங்கி வைக்கலைக்கா, உங்களோடதையே கொண்டு வாங்க."