செல்வராணியின் கடைசி வரைபடம்

தேர்வறையில் வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்வராணியின் தம்பி போன் செய்தார். "சார், அக்கா போயிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கறோம்." மீதித் தாள்களையும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். லாஸ்பேட்டைக் கல்லூரியின் இயற்பியல் துறையில் பதினாறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவர். கடைசி இரண்டு வருடம் அவரோடு நான் பேசவில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு அதன் காரணம் தெரியாது.

கருந்துளைக்குள் விழும் பொருள், விழுவதற்கு முன் கொதித்து எக்ஸ் கதிர்களாக ஒளிரும். அந்த ஒளி ஒரு நிலையில் நிற்காது. செயற்கைக்கோள் அனுப்பிய அளவுகளை வைத்து, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஒழுங்காக ஏறி இறங்குவதாக இருவரும் கட்டுரை எழுதினோம். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது அதனால்தான். ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவர் சொன்னார்: "சார், சாட்டிலைட்டு பூமிய ஒருவாட்டி சுத்தி வர்றதும் ஒன்றரை மணி நேரந்தான். நாம பாத்தது அந்தச் சுத்தத்தான், கருந்துளைய இல்ல."

"யாரு கவனிக்கப் போறா, விடுங்க" என்றேன்.

"நாம கவனிச்சிட்டமே சார்."

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். என் உயர்வு போனது. அதன்பின் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோய் வந்த பிறகும் போய்ப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவருடைய மீனவ ஊரான பிள்ளைச்சாவடியில் காரியமெல்லாம் முடிந்ததும் தம்பி கேட்டார்: "புதுசா ஏதோ கண்டுபிடிச்சிருக்கேன், சார் பாத்துட்டு சொல்வாருன்னு அக்கா சொல்லிச்சி. அது வெளிய வருமா சார்?" வரும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான், நான்கு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த அவருடைய மின்னஞ்சலைத் திறந்தேன். ஒரு வரைபடம். அதில் ஒளியின் மூன்று ஏற்ற இறக்கங்கள், ஒரே இடைவெளியில். மேலே எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. கீழே ஒரு குறிப்பு: "மூணுதான் இருக்கு. நம்பாதீங்க. மிச்சத்தையும் சேத்துப் பாத்து சொல்லுங்க."

பழைய அளவுகளையெல்லாம் சேர்த்து ஒரு வாரம் பார்த்தேன். அந்த ஒழுங்கு கரைந்துபோனது. கருந்துளையின் ஒளி கண்டபடி ஏறி இறங்குவது; கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தால் தாளம் இருப்பதுபோலத்தான் தெரியும். தாளம் உண்டு என்று எழுதி அவர் பெயரில் வெளியிட்டிருக்கலாம். இந்த முறை திரும்பப் பெற அவர் இல்லை.

நேற்று தம்பியிடம் போய், வராது என்று சொன்னேன். வலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இத அக்கா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

அந்த வரைபடத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். செல்வராணி கேட்டதற்குப் பதிலை அதன் கீழே எழுதியிருக்கிறேன்: பார்த்துவிட்டேன். இல்லை.