படகின் மேல் பூசிய திருநீறு

சங்கத் தலைவருக்கு என்னை நினைவில்லை. எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் முதியோர் சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே, அந்தக் கனைப்பை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். அவரோ நான் எந்த ஊர் என்று புதிதாகக் கேட்டார். ஊரைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

முப்பது வருடங்களுக்கு முன், என் அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் அவர்தான். கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்கும்போது எங்கள் மேல் துப்பாக்கிச் சூடு விழுந்ததையும், தம்பி என் மடியில் கிடந்து செத்ததையும், கரை வரும்வரை அவனை அப்படியே பிடித்திருந்ததையும் அழுதழுது சொன்னேன். பத்து நிமிடமாவது பேசியிருப்பேன். அவர் ஒருமுறை கனைத்துவிட்டு ஒரே ஒரு ஆங்கில வசனம் சொன்னார். எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. ஆனால் 'அக்சிடன்ட்' என்ற சொல் எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மிச்சத்தை இனித்தான் சொல்லப்போகிறார் என்று பேசாமல் காத்திருந்தேன். விசாரணை அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். பின்னாளில் வக்கீல் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டியபோதுதான் அது விளங்கியது. அவள் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிவிட்டீரா என்பது கேள்வி. எல்லாம் சொன்னேன் என்பது பதில். மதியச் சாப்பாட்டுக்கு அவசரமாக்கும்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு, மறு விண்ணப்பம் என்று எட்டு வருடம் இழுத்தது. அதற்குள் அம்மா போய்விட்டா. கையில் ஒரு கடதாசி இல்லாதவள் செத்தவீட்டுக்கு எப்படிப் போவது? மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியபடியே பிரெஞ்சு படித்தேன். வெறியோடு படித்தேன். என் கதையைச் சொல்ல இனி இன்னொருவர் வாய் வேண்டாம் என்று.

சென்ற கோடையில் சங்கம் பஸ் பிடித்து வடக்கே ஓர் ஏரிக்குப் போனது. அங்கே பாறையில் பூர்வகுடிகள் மிகப் பழைய காலத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. படகில்தான் கிட்டப் போகலாம். படகோட்ட வந்தவள் அந்த இனத்துப் பெண். தன் மொழியும் பிரெஞ்சும்தான் பேசுவாள். எங்கள் படகில் ஒன்பது பேர், அதில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலைவர் இத்தனை வருடமும் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டோடு மொன்றியலில் காலத்தை ஓட்டியவர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பாறை தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நின்றது. செங்காவி நிறத்தில் ஒரு மான், ஒரு கை, அவற்றின் கீழே ஒரு படகு. படகுக்குள் ஆட்களாக ஏழு கோடுகள். எங்கள் வள்ளம்தான் எனக்கு நினைவில் வந்தது. அந்தப் பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய குரலில் பேசினாள். இது தன் முன்னோர் இருக்கும் இடம் என்றாள். விரல் பட்டாலே ஓவியம் கெடும், எதையும் பூசக் கூடாது, பூசியதைத் துடைக்கப் போனால் நிறமும் சேர்ந்து போய்விடும். வணங்க விரும்பினால் ஒரு சிட்டிகை புகையிலையை ஏரியில் விடலாம். இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னாள். பிறகு படகு பாறையில் மோதாமல் துடுப்பால் தாங்கிப் பிடிக்கப் பின்பக்கம் போனாள்.

"என்னவாம், பிள்ளை?" என்றார் தலைவர்.

"பழைய படமாம், ஐயா."

"இவ்வளவு நேரம் கதைச்சா?"

"ஓம். அவ்வளவுதான்."

சொன்னபோது நாக்கு இனித்தது. பொய் சொல்வானேன், உண்மையாகவே இனித்தது. அவர் சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பழைய கல்லைக் கண்டால் கும்பிடாமல் எங்கள் ஆட்களால் சும்மா இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். எழுந்து, ஏரித் தண்ணீரில் விரலை நனைத்து, உள்ளங்கையில் ஆற அமரக் குழைத்தார். தடுக்க எனக்கு நேரம் தாராளமாக இருந்தது. இந்த மனிதர் நாலு பேர் முன்னால் தலைகுனிவதைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது. "முருகா" என்றபடி மூன்று விரலால் பாறையில் இழுத்தார். சரியாக அந்தப் படகின் மேல். ஏழு கோடுகளும் வெள்ளைக்குள் போயின.

அந்தப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வாயில் வந்தபடி ஏசினாள். படகே அவரைப் பார்த்தது. வெள்ளை விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, என்ன பிழை செய்தோம் என்றே தெரியாமல் அவர் விழித்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனால் என் கண் கல்லை விட்டு வரவில்லை. ஈரத் திருநீறு படகிலிருந்து கீழே வழிந்துகொண்டிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. நான் சொன்ன எல்லாவற்றையும் இவருக்குச் சொன்னீர்களா என்று கேட்டாள்.

எல்லாம் சொன்னேன் என்றேன், நல்ல பிரெஞ்சில்.

அவள் நம்பிவிட்டாள்.