மலை இடப்பக்கம் சாயும்

என் கணவர் ட்ரோனில் எடுத்த எல்லா வீடியோவிலும் மலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திராட்சைப் பந்தல், தென்னை, நெல்வயல், அதற்குப் பின்னால் கேரளத்து மலை, எல்லாமே கொஞ்சம் கோணல். அதிகமில்லை. சுவரில் மாட்டிய படம் லேசாக நகர்ந்திருந்தால் நிமிர்த்தி வைக்கக் கை பரபரக்குமே, அந்த அளவு.

அவர் இருந்தவரை நான் அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"ஏங்க, மலை சாயுது."

"காத்து தள்ளுதுடி."

"ஆடியில தள்ளுது, சரி. தையிலயுமா தள்ளுது?"

"தைக் காத்து வேற மாதிரித் தள்ளும். ஒனக்கென்ன தெரியும்?"

அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கம்பம் டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்து போன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. காலையிலிருந்து வார்னிஷ் வாடையிலேயே கிடப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சுருளிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு, அது என் பொறுப்பு. கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, வியாபாரியோடு சண்டை போடுவது எல்லாம் நான். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார். பிறகு ஒரு நாள் ட்ரோன் வாங்க ஆசைப்பட்டார். பாகம் பாகமாகக் கூரியரில் வரவழைத்து, கடை மேசையில் வைத்து அவரே பூட்டினார்.

ட்ரோன் சீக்கிரமே பறந்துவிட்டது. உயிரை வாங்கியது கிம்பல்தான். ட்ரோனுக்கு அடியில் கேமராவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற சின்னக் கை அது. ட்ரோன் காற்றில் எப்படிக் குலுங்கினாலும் கேமரா குலுங்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் ரசவாளியோடு ஓடுகிறவனைப் பாருங்கள். உடம்பு வளைந்து நெளிந்து இடிபட்டுப் போகும், வாளியில் ஒரு சொட்டு சிந்தாது. அந்த மணிக்கட்டுதான் கிம்பல். அதற்குள் பொட்டுக்கடலை டப்பா மூடி அளவில் குட்டி மோட்டார்கள்.

"கெணத்து மோட்டாரோட பேத்தி இது. எனக்கா படியாது?" என்றார். படியவில்லை.

முதலில் கரண்ட் இல்லாமலே கேமராவைச் சமன் செய்ய வேண்டும். கையால் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், தலை தொங்கக் கூடாது. அதற்காகக் கடையில் மிஞ்சிய செம்புக் கம்பியைச் சுருட்டி ஒரு ஓரத்தில் எடைக்கு ஒட்டினார். அதன் பிறகு கம்ப்யூட்டரில் நம்பர் மாற்றும் வேலை. நம்பர் குறைந்தால் கேமரா தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல மெதுவாகத் திரும்பும். கூடினால் மோட்டார் கொசு மாதிரி ரீங்காரம் போட்டு நடுங்கும். நடுவில் எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது. அதைத் தேட ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் ட்ரோனைக் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் சாய்க்க, இன்னொருவர் நம்பர் மாற்ற வேண்டும்.

பிடிக்கிற ஆள் நான். தோட்டத்து வேலை முடித்து வந்து, சாயங்காலம் மொட்டை மாடியில் அந்தச் சனியனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பேன். அவர் மாடிப்படி அறை நிழலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்.

"எடது பக்கம் சாய். மெதுவாடி. மாவாட்டுற மாதிரி ஆட்டாத."

"இன்னைக்கு மாவும் ஆட்டல. ராத்திரிக்கு இதையே ஊத்தித் தின்னுங்க."

"இப்ப எப்பிடி இருக்கு?"

"பூனை கணக்கா உறுமுது."

"பூனைனா நல்லது. கொசுனா சொல்லு."

இப்படித்தான் எங்களுக்குள் பாஷை. அவருக்கு நம்பர் தெரியும். எனக்கு உள்ளங்கையில் வருகிற அதிர்வு தெரியும். எல்லாம் சரியாக வந்த அன்று, கையில் ட்ரோனை எப்படி ஆட்டினாலும் கேமரா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அவர் திரையில் என்னைப் பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு கோவக்காரியா இருக்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

கடைசியில் கேமராவுக்கு மட்டம் எது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தரையில் வைத்து, தொடாமல் விட்டு, ஒரு பட்டனைத் தட்டினால் அந்தத் தரையையே அது மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அவர் எப்போதும் மாடித் தளத்தில்தான் வைப்பார். கேமரா முகத்தைத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் பக்கம் திருப்பி வைப்பார். காரணம் பக்கத்து வீட்டு அக்கா. ஆரம்பத்தில் ஒரு தடவை கேமரா அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபடி கிடக்க, அந்த அக்கா கீழே நின்று தெருவையே கூட்டிவிட்டார்.

"பொம்பளைக பொழங்குற வீட்டுப் பக்கம் என்னத்தப் படம் புடிக்கிறாக? கேக்க ஆளில்லையா?"

"ஆத்தா, இது இன்னும் கண்ணே முழிக்கல, வெறும் டப்பா" என்று இவர் கெஞ்ச, "டப்பாவச் சொவத்தப் பாத்து வைங்க" என்று அந்த அக்கா சொல்ல, அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் வைத்தார்.

அவர் செத்துப் போனார். கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தேனிக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டார். உத்தமபாளையம் தாண்டும்போது தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் புத்தி சொல்ல வந்தார்கள். கடையைக் கைமாற்றி விடு, அவர் துணிமணியை யாருக்காவது கொடு, அந்தப் பறக்கிற மெஷினையும் தள்ளிவிடு. கடையைக் கைமாற்றினேன். துணியைக் கொடுத்தேன். பீரோ மேல் இருந்த ட்ரோனைத் தொட விடவில்லை. பேட்டரியைப் போட்டால் கேமரா தலையை இடமும் வலமும் ஆட்டி, சோம்பல் முறித்து, பிறகு நின்று என்னைப் பார்க்கும். அது நிற்கிற விதம் அவர் வைத்தது. அவர் கை இந்த வீட்டில் இன்னும் வேலை செய்கிற ஒரே இடம் அதுதான். போட்டோவில் அவர் சும்மா இருக்கிறார். இதில் சும்மா இல்லை. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? "மெசினக் கட்டிக்கிட்டு அழுகுறா" என்று என் சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரியட்டும்.

தலைத் திவசம் நெருங்கியபோது என் கொழுந்தன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். கம்ப்யூட்டர் வேலை, அண்ணன் மேல் உயிர். அண்ணன் நினைவாக ஒரு வீடியோ செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும், அதில் தோட்டத்தை மேலிருந்து காட்ட வேண்டும் என்றார். பழைய வீடியோவில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் கவாத்துக்குப் போய்விட்டேன். அன்று ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருந்தோம், நான் இல்லாமல் நடக்காது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் வாசலிலேயே சிரித்த முகமாக நிற்கிறார். போனை நீட்டினார்.

"மதினி, இங்கன பாருங்க. மாடிக்கு மேல பறக்க விட்டு எடுத்தேன்."

பார்த்தேன். கேரளத்து மலை நேராக நின்றது. ஒரு நூல் கூடச் சாயவில்லை.

"என்னத்தத் தொட்ட?"

"பழைய செட்டிங்ஸ் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டேன் மதினி. அண்ணன் மாடியில வச்சு மட்டம் எடுத்துருக்காக. மாடி தண்ணி ஓட வாட்டம் விட்டதுல்ல? ரசமட்டம் வச்சுப் பாத்தேன், நல்லாவே எறங்குது. அதான் மலை சாஞ்சிருக்கு. அண்ணன் பாவம், கடைசி வரைக்கும் காத்துன்னே நெனச்சுட்டாக."

வாட்டம். வீடு கட்டும்போது அந்த வாட்டத்துக்காகக் கொத்தனாரிடம் மல்லுக்கு நின்றவரே என் கணவர்தான். சாரல் காலத்தில் மாடியில் சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது, நன்றாக இறக்கு, இன்னும் இறக்கு என்று பக்கத்திலேயே நின்று சொன்னார். பிறகு அதே தளத்தை நம்பி மலையை அளந்திருக்கிறார். இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பேன். சிரிப்புதான் முதலில் வந்தது. "ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு வந்தது கோபம்.

"அழிச்சியா? நம்பரு எல்லாமா?"

"புதுசுல அதுவே கண்டுபிடிச்சுப் போட்டுக்கிரும் மதினி. அண்ணன் போட்டத விட நல்லா நிக்குது."

"ஒங்கண்ணன் சட்டை ஒண்ணு தொவைக்காம வச்சிருக்கேன். அதையும் எடுத்துத் தொவைச்சுக் காயப்போட்டுட்டுப் போ. வெள்ளையா இருக்கும்ல?"

அவர் முகம் செத்துவிட்டது. "எனக்கும் அண்ணன்தான மதினி" என்றார்.

"அண்ணன்னா கேட்டுட்டுத் தொடணும்."

சாப்பிடாமல் கிளம்பிக் கூடலூரில் இருக்கும் அவர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை நானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு கையில் ட்ரோனைப் பிடித்து, மறு கையால் நம்பரை ஏற்றி இறக்கினேன். ஒற்றைக் கையில் அதன் அதிர்வு சரியாகத் தெரியவில்லை. கொசுவும் இல்லை, பூனையும் இல்லை. விட்டுவிட்டு மட்டமாவது எடுக்கலாம் என்று தளத்தில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் மலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. திருப்பி வைத்தேன். கேமரா தலையைக் குனிந்து தரையைப் பார்த்தது. வெயில் ஏறிவிட்டது. வலது பக்கம் சாய்ந்த மலையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சூட்டுத் தளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இடது பக்கம்தானே கேட்டேன். அது கூட எனக்குக் கிடைக்காதா?

யாரோ படியேறி வந்தார்கள். கொழுந்தன். பேச்சை வளர்க்காமல் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மதினி. என்ன செய்யணும்?"

இரண்டு கையாலும் ட்ரோனை ஏந்தினேன். "ஏத்து" என்றேன். ஏற்றினார். "போதும், கொசு வருது. எறக்கு." இறக்கினார். "இன்னும் கொஞ்சம் எறக்கு." வெகு நேரம் இப்படியே போனது. பழைய உறுமலுக்குப் பக்கத்தில் ஒன்று வந்தது. அதேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மறந்துபோன கையா, மாறிப்போன மெஷினா, தெரியாது. "இங்கன நிறுத்து" என்றேன்.

அடுத்து மட்டம். தளத்தில் வைக்கக் குனிந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கீழே துணி உலர்த்துவது தெரிந்தது. என்னையறியாமல் கேமரா முகத்தைத் தொட்டிச் சுவர் பக்கம் திருப்பினேன். திருப்பிய பிறகுதான், அவர் எப்போதும் வைத்த பக்கம் இதுதான் என்று எனக்கே உறைத்தது.

"மதினி, இப்பிடி எடுத்தா மறுபடி கோணலா வருமே."

"கோணலாத்தான் வரணும். தட்டு."

தட்டினார்.

சாயங்காலம் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். பம்ப்செட் பக்கத்தில் செடி கொடி இல்லாத ஒரு வெட்டை இடம் உண்டு, எப்போதும் அங்கிருந்துதான் கிளப்புவது. பழைய வீடியோ எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் அவர் தலை, உச்சியில் வழுக்கை, வாயைப் பிளந்து மேலே பார்க்கிற முகம். அவருக்குப் பின்னால் பந்தல் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நான். இரண்டு பேரும் சின்னதாகிச் சின்னதாகி, பந்தல் வந்து, வயல் வந்து, கடைசியில் சாய்ந்த மலை வரும்.

கொழுந்தன் ரிமோட்டோடு போய்ச் சரியாக அவர் அண்ணன் நிற்கிற இடத்தில் நின்றார்.

"அங்கன நிக்காத தம்பி. பம்ப்செட் ரூமுக்குள்ள போய் நின்னுக்க."

உள்ளே போய் வாசலில் நின்று கிளப்பினார். நான் பந்தல் ஓரம் போய், என் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ட்ரோன் ஏறியது. நான் மேலே பார்க்கவில்லை. அந்த வெட்டைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். மலை சாய்ந்திருந்தது. இடது பக்கம், பழைய அளவுக்கே. கொழுந்தன் பழைய வீடியோவைப் பக்கத்தில் திறந்து வைத்து, "அப்பிடியே இருக்கு மதினி" என்றார்.

நான் மலையைப் பார்க்கவில்லை. பின்னால் தள்ளி மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். பந்தல் ஓரத்தில் நான் நிற்கிறேன். எனக்கு முன்னால் வெறும் தரை. சருகு பறக்கிறது. படத்தில் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அந்த வெற்று இடத்தை அது அவ்வளவு தெளிவாக எடுத்திருந்தது.

"இன்னொரு தடவ போடவா மதினி?"

"வேண்டாம். இலையப் போடுறேன், கையக் கழுவிட்டு வா. நேத்தும் சாப்பிடாமத்தான போன."