மஞ்சள் சுஷி

மூன்றாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு மாறிய என் மகள், அங்கே போய்ச் செய்த முதல் உருப்படியான காரியம் ஒரு பொய் சொன்னதுதான். "எங்கம்மா வீட்லயே சுஷி பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் அதுவரை அந்த ஜப்பான் சோற்றுச் சுருளைப் பார்த்தது போன் திரையில் மட்டும்தான். அதுவும் வேறு எதையோ தேடும்போது குறுக்கே வந்தது.

விஷயம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வெளியே வந்தது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. நாளெல்லாம் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் என்பதால் வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. அன்று அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்தால், காலையில் வைத்த இட்லி நாலும் அப்படியே இருந்தன.

"ஏண்டி சாப்பிடல?"

"தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கலம்மா."

பள்ளி திறந்து இரண்டு வாரமாக அவள் சாப்பாட்டு அறையில் வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. வகுப்பில் ஒரு பெண், வெள்ளிக்கிழமைதோறும் கடையில் வாங்கிய சுஷி கொண்டுவருவாளாம். அவள் மேசையில் நாலு பேர், ஐந்தாவது நாற்காலி காலி. அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் என் மகளின் வாயிலிருந்து அந்தப் பொய் விழுந்திருக்கிறது. "அப்போ ஃப்ரைடே கொண்டு வா, பாக்கலாம்" என்றிருக்கிறாள் சுஷிக்காரி. கொண்டுபோனால் நாற்காலி கிடைக்கும். போகாவிட்டால் பொய்க்காரி என்ற பெயர் கிடைக்கும். கழுத்து டையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள்.

எனக்குப் பொய் என்றால் ஆகவே ஆகாது. யாராவது பொய் சொல்வது தெரிந்தால் கண் மண் தெரியாமல் கோபம் வரும். அன்றும் வந்தது. கத்தினேன். மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, "நீ கத்திக்கோம்மா. ஆனா பண்ணிக் குடு" என்றாள்.

வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நின்றது. "இதுதான் கடைசிப் பொய். இதை நான் உண்மையாக்கித் தரேன். அடுத்த பொய் சொன்னே, தோலை உரிச்சுருவேன்" என்றேன். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். என் தலையில்தான்.

வியாழக்கிழமை ஒத்திகை. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பில் கடல்பாசித் தாள் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் கார்பன் பேப்பர் மாதிரி இருந்தது. வாசனை மட்டும் மீன் மார்க்கெட்டைத் தாண்டிப் போகிற மாதிரி. பள்ளியில் அசைவம் கூடாது என்பதால் உள்ளே வைக்க கேரட், வெள்ளரிக்காய், பனீர். பச்சை மீனைத் தொட வேண்டியதில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் சோற்றில்தான் மாட்டிக்கொண்டேன். நான் சோறு வடித்தால் ஒரு பருக்கை இன்னொன்றைத் தொடாது. கல்யாணமான புதிதில் என் கணவர் வீட்டார் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான். அந்த மிதப்பில், சோனா மசூரியைப் பூப்பூவாக வடித்து, தாளில் பரப்பிச் சுருட்டினேன். சுருட்டி முடித்துக் கையில் எடுத்ததும் மொத்தமும் இரண்டு பக்கமும் கொட்டிவிட்டது. தாள் மட்டும் கையில் இருந்தது. காய்கறி உப்புமா என்று சொல்லிப் பரிமாறியிருக்கலாம்.

என் கணவர் இதே ஊரில் ஆடுகோடியில் பிறந்து வளர்ந்தவர், லேத் பட்டறையில் வேலை. எதையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "சோறு ஒட்டணும் போல. பொங்கலுக்குக் குழைய விடுவியே, அப்படி விடு" என்றார். பன்னிரண்டு வருடமாகக் கட்டிக் காத்த மானத்தை விட்டுவிட்டு, பச்சரிசியைக் குழைய வேகவைப்பது என்று முடிவானது. சுருட்டுவதற்கு மூங்கில் பாய் இல்லை. இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்துப் பார்த்தேன். அழகாகச் சுருண்டது. ஆக, எல்லாம் தயார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஒரு தாம்பாளத்தில் சுஷிக்கான சோறு, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தாம்பாளத்தில் கணவர் டப்பாவுக்கு எலுமிச்சை சாதம் கிளற வடித்த சோறு. அடுப்பில் தாளிப்பு: கடுகு, கடலைப் பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள் தூள். கடுகு வெடித்து ஓய்ந்தது. கரண்டியை எடுத்தேன். புளிப்பு வாசனை எந்தத் தட்டிலிருந்து வந்ததோ அந்தத் தட்டின்மேல் கை தானாகத் தாளிப்பைக் கவிழ்த்துவிட்டது. கிளறியும் விட்டது. சோறு முழுக்க மஞ்சளான பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

"அய்யய்யோ!"

என் சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். "பரவால்லம்மா. நான் ஃபில்டர்கிட்டயே உக்காந்துக்கறேன்" என்றாள்.

பச்சரிசி தீர்ந்துவிட்டது. ஏழரைக்கு வேன். "ஒக்காருடி இங்க" என்று அவளை இழுத்து உட்காரவைத்தேன். இரண்டு பேரும் தாம்பாளத்துக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து கடலைப் பருப்பையும் மிளகாயையும் கறிவேப்பிலையையும் பொறுக்கினோம். கடுகைப் பொறுக்க ஒரு ஜென்மம் போதாது என்று விட்டுவிட்டோம். மஞ்சளுக்கு ஒன்றும் செய்ய முடியாது. சுருட்டினேன். கத்தியால் நறுக்கப் போனால் நசுங்கியது. அதைப் பார்த்த கணவர் தையல் நூலை எடுத்து, அவித்த முட்டையை அறுப்பதுபோலச் சுற்றி இழுத்தார். அச்சு அசலாக எட்டு வட்டம். சுற்றிலும் கறுப்பு, உள்ளே மஞ்சள், நடுவில் கேரட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாளிக்காத எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனார். அந்த டப்பாவைப் பற்றி இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

அன்று நான் எத்தனை சட்டைகளைக் குறையோடு பாஸ் பண்ணினேனோ தெரியாது. வேன் வரும் நேரத்துக்கு முன்பே தெருமுனையில் போய் நின்றேன். அவள் இறங்கியதும் பையைப் பிடுங்கி டப்பாவைத் திறந்தேன். காலி.

"நாற்காலி?"

"குடுத்துட்டாங்க."

"மஞ்சளா இருக்குன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்" என்று முன்னால் ஓடிவிட்டாள். அந்த ஓட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம். வகுப்பு மிஸ் கன்னடக்காரர். படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகக் கேட்டார்.

"மேடம், நீவு ஜப்பான்னல்லி எஷ்டு வர்ஷ இத்ரி?"

ஜப்பானில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்கிறார். பெங்களூரை விட்டு நான் வெளியே போவதென்றால் அது ஊர் எல்லையில் இருக்கும் அத்திபெலே தாண்டி வாணியம்பாடிக்குப் பஸ் ஏறுவதுதான். திரும்பி மகளைப் பார்த்தேன். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையில் வாங்குவது வெள்ளை, ஜப்பானில் வீட்டில் செய்தால் மஞ்சள், எங்கம்மா அங்கே இருந்தபோது கற்றுக்கொண்டது என்று அடித்து விட்டிருக்கிறாள் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. வாசலில் நாலு சிறுமிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள்தான் சுஷிக்காரியாக இருக்க வேண்டும்.

தோலை உரிப்பேன் என்று சொன்னது நினைவிருந்தது. கோபம் உள்ளங்காலிலிருந்து கிளம்பியதும் உண்மை. அது தொண்டைக்கு வருவதற்குள் அந்த வாட்டர் ஃபில்டர் கண்முன் வந்துவிட்டது.

"எரடு வர்ஷ, மிஸ்" என்றேன். இரண்டு வருடம்.

"டோக்கியோனா?"

"டோக்கியோ ஒளகே அல்ல. ஸ்வல்ப ஹொரகடே. நம்ம அத்திபெலே தரா."

டோக்கியோவுக்குள் இல்லை, கொஞ்சம் வெளியே, நம் அத்திபெலே மாதிரி. மிஸ் புரிந்ததுபோலத் தலையாட்டினார். வாசலில் நின்ற நாலு தலைகளும் மறைந்தன. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை என் தோளுக்கு வந்தது.

வெளியே வந்து கேட்டைத் தாண்டினோம். பிறகு அவள் மெதுவாக, "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?" என்றாள்.

"வாயை மூடிட்டு நட" என்றேன். அவள் கையை மட்டும் விடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் தூள் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.