அம்சத்தின் பாட்டில் நாற்பது நொடி

முடியாது என்று சொன்னால் எழுந்து போய்விடுகிற வாடிக்கையாளர்களை எனக்குப் பிடிக்கும். அம்சம் அந்த ரகம் இல்லை.

திருப்பனந்தாள் கடைத்தெருவில் பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. போன ஆனி மாதம் அவர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அறுபது வயது, பக்கத்துக் கிராமம், பத்து வயதிலிருந்து நடவு வேலை. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேச்சு காற்றாகத்தான் வந்தது.

“படம் வேணாம் தம்பி. இதுல நான் பாடுன பாட்டு இருக்கு. அத மட்டும் போன்ல கேக்குற மாதிரி பண்ணிக் குடுங்க.”

1997-இல் அவர் மகளுக்கு நடந்த மஞ்சள் நீராட்டு விழா. சீர் கொண்டுவந்த தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து கேமராவும் கொண்டுவந்திருக்கிறார். பெண்கள் கும்மியடிக்க, அம்சம் தாமே கட்டிய பாட்டைப் பாடியிருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது. அந்தப் பாட்டு வேறு எங்கும் கிடையாது. ஆடி மாதம் அவர்கள் தெருக்கோயில் திருவிழாவில் அதை ஒலிபெருக்கியில் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

கேசட்டை ஓட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. விழா கேசட்டை மெருகேற்றக் கொடுத்தால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் செய்த திருப்பணி அது. விசேஷத்தில் யார் பேசினாலும் அழுதாலும் அதன்மேல் ஒரு டூயட்டை ஏற்றினால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த திருப்தி. திரையில் அம்சம் வாயைத் திறந்து பாடுகிறார், யாரோ ஒரு பாடகர் காதலித்துக்கொண்டிருக்கிறார்.

“அழிஞ்சிபோச்சு அக்கா” என்றேன்.

“வாய் அசையுதுல்ல? அப்ப சத்தமும் எங்கயாவது இருக்கும். தேடுங்க.”

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“சொன்னா வெளங்காதா உங்களுக்கு?”

“வெளங்குது தம்பி. நீங்க சரியாத் தேடல.”

முப்பது வருடத் தொழிலைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே கும்பகோணம் போய், என் கூட்டாளி ஜாஃபர் சாதிக்கிடம் ஓர் உயர்ரக வீடியோ டெக்கை இரவல் வாங்கிவந்தேன். தப்பு என் பக்கம்தான். ஸ்டூடியோக்காரர்கள் சினிமாப் பாட்டை டேப்பின் ஓரத்தில் மட்டும் ஏற்றியிருந்தார்கள். சிங்கப்பூர் கேமரா படத்தோடு சேர்த்தே இன்னொரு ஒலித்தடத்தைப் பதிந்திருந்தது. என் பழைய டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. இந்த டெக்கில் பொத்தானை மாற்றியதும் கைத்தட்டல் கேட்டது. அதன் நடுவே, ஊரையே எழுப்பிவிடும் குரல்.

“கீழவீட்டு மரக்காலு உள்ள பலகையாம்,
அளந்துபோட்ட கூலி நெல்லு பாதி புளுகாம்...”

கூலியை நெல்லாக அளந்து போட்ட காலத்தில், கீழவீட்டுப் பண்ணையார் மரக்காலுக்குள் பலகை அடித்து அளவைக் குறைத்த கதை. பெயரைச் சொல்லியே பாடியிருக்கிறார்.

சந்தோஷமாகப் போன் செய்தேன். எடுத்தவர் அவர் மகன் புகழேந்தி.

“கீழவீட்டு வரி அதுல இருக்கா பாய்?”

“இருக்கு. ஒரு நாப்பது நொடி.”

“அத மட்டும் எடுத்துருங்க. அவங்க நெலத்ததான் நான் குத்தகைக்குப் பாக்குறேன். திருவிழாவுல அன்னதானமே அவங்க பேரன்தான்.”

எடுத்துவிட்டேன். எனக்கு எதற்கு ஊர் வம்பு என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்கவில்லை.

மறுநாள் தாயும் மகனும் வந்தார்கள். அம்சம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சட்டென்று கையை உயர்த்தினார்.

“மரக்கா எங்க?”

நான் புகழேந்தியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். நெலத்தத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது?” என்றார்.

“நெலம் அவங்களுது. பாட்டு என்னுது. அவங்ககிட்ட குத்தகைக்கா வாங்குனேன் பாட்ட?” அந்தக் காற்றுக் குரலில் அவ்வளவு சூடு. “முழுசாப் போடுங்க தம்பி.”

வெட்டாத பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். வரி வந்தது. அதன் முடிவில் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்: “பயந்து பாடாத அம்சம்! கீழவீடு வரைக்கும் கேக்கட்டும், சத்தமாப் பாடு!”

முந்தின நாளும் அது என் காதில் விழுந்தது. யாரோ குடித்துவிட்டுக் கத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

“யாரும்மா அது?” என்றார் புகழேந்தி.

“ஒங்கப்பா.”

அப்பா வீரையன் அந்த விழாவுக்கு அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாராம். அப்போது புகழேந்திக்கு இரண்டு வயது. அப்பாவின் குரல் அவருக்கு நினைவில்லை. மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாய், அப்பா பேசுறத மட்டும் தனியா வெட்டிக் குடுங்க” என்றார்.

என் கை மவுஸுக்குப் போனது. அதன்மேல் அம்சத்தின் கை விழுந்தது.

“ஒண்ணையும் வெட்டாதீங்க.” மகன் பக்கம் திரும்பினார். “அந்த வரியக் கேட்டுத்தான் ஒங்கப்பா கத்துனாரு. வரி வேணாம், அப்பா மட்டும் வேணுமா ஒனக்கு?”



திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பாட்டு முழுசாகத்தான் ஒலித்தது. வேப்பமரத்தில் ஏறி, ஒலிபெருக்கியைக் கீழவீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியவர் புகழேந்தி.