இரவல் சேணம்

குதிரை வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். முதுகை மட்டும் பார்க்கவே மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வாங்கினார்.

அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். செங்கம் ரோட்டில் நடந்த ஒரு விபத்தில் இடது கால் தொடையோடு நொறுங்கி, தகடு வைத்துத் தைத்து, அதற்குப் பிறகு கிளட்சை மிதிக்க முடியாமல் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிலை விட்டு எழவில்லை. எழ முடியாமல் இல்லை, எழ மனமில்லை. நான் முன்னறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், அவர் பின்னறையில் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பார். சண்டை போட்டாலாவது வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். அதற்கும் வரமாட்டார். அந்த மௌனத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது பெரிசு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்கும் மோகம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. யாரோ அவர் காதில் போட்டார்கள். கார்த்திகை தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வரும். இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு போனார். அரை நாள் சுழி பார்த்திருக்கிறார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, வயிற்றில் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்து, "சுழி சுத்தம்"னு முடிவு கட்டி ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வாசலில் நின்ற குதிரையை நான் பார்த்தேன். தையல்காரி கண் முதலில் அளவைத்தான் பார்க்கும். "இன்னாங்க இது, முதுகா கட்டிலா?" என்றேன்.

"ஒனக்கு இன்னா தெரியும், சுழி சுத்தம்டீ," என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் விடியும் முன்பே எழுந்தார். கொள்ளு வேக வைத்தார், உடம்பு தேய்த்துவிட்டார், கம்பை ஒரு கையிலும் கயிற்றை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மலை சுற்றும் பாதையில் நடத்திக்கொண்டு போனார். புல்லுக்கட்டு வாங்கிச் சுமந்து வருவதும் சாணி அள்ளுவதும் என் தலையில் விழுந்தது. விழட்டும் என்றுதான் இருந்தேன். மிஷின் மிதித்த காலோடு புல் சுமப்பது சுகமான காரியமில்லை, ஆனால் பின்னறைக் கட்டில் காலியாக இருந்தது.

சேணம் ஒன்று பழையதாக, யாரிடமோ வாங்கினதைக் கட்டினார். மேலே ஜிகினா துணி போட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? குதிரைக்குத் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பேண்டு அடிக்க, மாப்பிள்ளை ஏறி உட்கார, நாலு வீடு தாண்டுவதற்குள் குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு இடுப்பை உதறியது. மாப்பிள்ளை தலைப்பாகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் தொங்க, அவருடைய மாமா எங்கள் வீட்டுக்காரரைக் கேட்காத கேள்வியில்லை. மிச்ச ஊர்வலம் நடந்தே போனது.

வீட்டுக்கு வந்து சேணத்தை எடுத்தால், தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "இதோட முதுகு அகலம். இந்தச் சேணம் கிடுக்கி மாதிரி பிடிக்குது. அளவான சேணம் கெடச்சா போடுங்க. இல்லன்னா போடாதீங்க, குதிர வீணாப் போயிடும்," என்றார்.

அளவான சேணம்! புதிதாகச் செய்யச் சொல்ல எங்களுக்கு வக்கில்லை. பழையதாகத் தேடினோம். அவரால் பஸ்ஸில் ஏறி இறங்கி அலைய முடியாது என்பதால், தேடினோம் என்பதற்கு நான் தேடினேன் என்று அர்த்தம்.

என் கடைக்கு வரும் பெண்கள் டேப்பை நம்ப மாட்டார்கள். தங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி தெச்சுடுங்க," என்பார்கள். குதிரைக்கு அளவு ரவிக்கைக்கு எங்கே போவது? துணி காயப்போடும் கொடிக்கம்பியில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக வெட்டி, தோளுக்குப் பின்னால் முதுகின் மேல் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி வளைத்தேன். எடுத்துப் பார்த்தால் முதுகு அப்படியே கம்பியில் வந்துவிட்டது. அதை வயர் கூடையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

வேலூரில் பழைய சாமான் கடைகளில் பார்த்தேன். ஆற்காட்டில், ஆரணியில், குதிரை வண்டி ஓட்டினவர்கள் வீடுகளில் கேட்டேன். சேணத்தைக் கவிழ்த்து, உள்ளே கம்பியை வைத்துப் பார்ப்பேன். போகாது. ஒன்றில் கூட அந்தக் கம்பி உள்ளே போகவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி, "அது இன்னாம்மா, கெணத்துல வாளி எடுக்கற கொக்கியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லக்கூடத் தெம்பில்லை.

இன்னொன்றும் எரிச்சலாக இருந்தது. குதிரையை விற்றுவிட்டவர்கள் வீட்டில் சேணம் சுவரில் தொங்கும். விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "அது குடுக்கறதுக்கில்லம்மா." ஏன் என்று சொல்ல மாட்டார்கள். குதிரையே போய்விட்ட வீட்டில் சேணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள், ஊறுகாயா போடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டே திரும்புவேன். குதிரைக்கொம்பு என்று சும்மா சொல்லி வைத்திருக்கிறார்கள், அகலமான சேணம் என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த தீபம் வந்தது. தை பிறந்தால் முகூர்த்தங்கள். சேணம் இல்லாத குதிரைக்கு இன்னொரு வருஷம் கொள்ளு போட முடியாது. அவரே ஒரு நாள், "சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்," என்றார். சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில், வெளிச்சத்தில், சுவர்ப்பக்கம் திரும்பி. குதிரை போனால் இவரும் போய்விடுவார், உடம்பு மட்டும் இங்கே கிடக்கும் என்று தெரிந்தது.

சந்தையில் குதிரையைக் கட்டிவிட்டு நின்றோம். செங்கல் சூளைக்கு வண்டி இழுக்கக் குதிரை பிடிக்கும் தரகர் ஒருவர் பார்த்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். இவர் குதிரைக்குப் புதுக் கயிறு மாட்டி, பழைய கயிற்றைச் சுருட்டி என் கூடையில் போட்டார்.

"இது எதுக்கு?"

"வித்தா கயிறு நம்மகிட்ட இருக்கணும் இல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் மாடு கட்டின வீட்டில் பிறந்தவள். மாட்டை விற்கிறவன் கயிற்றை விற்க மாட்டான், கயிறும் கூடப் போனால் வீட்டு லட்சுமியும் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். என் அப்பா மாடு விற்றுவிட்டு வரும்போதெல்லாம் தோளில் கயிறு கிடக்கும். குதிரைக்காரர்களுக்கு அந்தக் கயிறுதான் சேணம். ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய், உன் லட்சுமியை எனக்கு விலைக்குத் தா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வார்கள்?

இருந்தாலும் கம்பியை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று போனேன். குதிரை வரிசை முடியும் இடத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குதிரை இல்லை. மடியில் ஒரு சேணம் இருந்தது. வாய் அகன்று, தொட்டில் மாதிரி விரிந்து கிடந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. குனிந்து கம்பியை உள்ளே வைத்தேன். உட்கார்ந்துவிட்டது.

"இன்னாம்மா பண்றே?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கட்டில் வரைக்கும். முன்பின் தெரியாதவரிடம் அப்படிக் கொட்டியது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, "காலைலதான் என் குதிரைய வித்தேன். மவன் பெங்களூர் போயிட்டான். என்னால புல்லு அறுக்க முடியல. கயிறும் இதுவும் வீட்டுக்குப் போவணும். விக்க மாட்டேன்," என்றார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி இன்னாண்ணா பண்ணப் போறீங்க?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"ஆணில மாட்டி வெப்பேன்," என்றார். சேணத்துக்குள் உட்கார்ந்த கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒன் குதிர எங்க?" என்றார்.

எங்கள் குதிரைக்குச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காது பின்னால் போகும், தோல் சிலிர்க்கும். அன்றைக்கும் காது போனது. பெரியவர் மெதுவாக வைத்தார், விரல்களை முன்பக்கம் விட்டுத் தடவிப் பார்த்தார், வாரை இறுக்கினார். காது திரும்பி வந்தது. "ஏறுப்பா," என்றார் என் வீட்டுக்காரரிடம். இவர் ஒருநாளும் ஏறினதில்லை, நடத்திக்கொண்டு போவதோடு சரி. பெரியவரும் நானும் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினோம். குதிரை அசையாமல் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். லாரியில் உட்கார்ந்திருந்தபோது இவரை அந்த உயரத்தில் பார்த்தது. அதற்குப் பிறகு எல்லாம் குனிந்துதான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் தன் குதிரையின் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். "இது விலைக்கு இல்ல. இரவல்தான். நான் மறுபடி குதிர வாங்கினா வந்து கேப்பேன், குடுத்துடணும்," என்றார். சாயங்காலம் தரகர் வந்தபோது நாங்கள் அங்கே இல்லை. என் கூடையில் கிடந்த பழைய கயிறு மறுபடி குதிரையின் கழுத்துக்கே போயிருந்தது.

அந்தத் தையிலிருந்து எங்கள் குதிரை ஓடியது. எத்தனையோ மாப்பிள்ளைகள் ஏறினார்கள், ஒருவரும் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபத்துக்கும் அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டாலே எனக்குப் பகீர் என்னும், குதிரை வாங்கிவிட்டாரோ என்று. வாங்கியிருக்க மாட்டார். டீ குடிப்பார். சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்து எண்ணெய் தடவுவார். "புண்ணு கிண்ணு இருக்கா?" என்பார். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார். வேண்டா வெறுப்பாகத்தான் டீ போடுவேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தக் குதிரை மேல் பாசம் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சலிப்புதான் இருந்தது. மழையில் புல் கிடைக்காது. வெயிலில் தண்ணீர் லாரி பின்னால் குடத்தோடு ஓட வேண்டும், அதில் பாதி அதற்கு. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு விடிய விடியப் பைஜாமா தைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால், அது காலால் தரையைத் தட்டும். "சனியன் எப்பத்தான் போவுமோ," என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மழையில் அது வயிற்று வலி வந்து படுத்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டார். பின்கட்டில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். விடிவதற்குள் போய்விட்டது. என் அண்ணன் நிலத்து ஓரத்தில் புதைத்தோம். இவர் கட்டிலுக்குத் திரும்புவாரோ என்று பயந்தேன். திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்துத் தைக்க ஆரம்பித்தார்.

அந்த வருஷம் தீபத்துக்குப் பெரியவர் வரவில்லை. முட்டி வலி என்று கேள்விப்பட்டேன். சேணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "நீயே போய்ட்டு வா," என்றார் இவர். அதை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் தாண்டி அவருடைய ஊருக்குப் போனேன்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போர்வையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வித்துட்டீங்களா?"

"இல்லண்ணா. மழையில செத்துப் போச்சு. நம்ம வீட்லயே."

சேணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், வேப்பமரத்தடியில் வைத்திருந்த மாதிரியே. உள்ளே விரலை விட்டுத் தடவினார். எதிர்ச் சுவரில் ஆணியில் அந்தக் கயிறு தொங்கியது. தூசி படிந்து, சுருட்டினது சுருட்டினபடி இருந்தது.

"கடைசி வரைக்கும் ஒங்ககிட்டயே இருந்துச்சு," என்றார். "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

சனியன் என்று வைத வாய் எனக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேண்ணா," என்று எழுந்தேன்.

"ஒங்க கயித்த பத்திரமா வெச்சிருக்கீங்க இல்ல?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். கயிறு எங்களிடம் இல்லை. குதிரையின் கழுத்தில் இருந்ததை அவிழ்க்க இவருக்கு மனம் வரவில்லை, அதோடேயே புதைத்துவிட்டோம். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதை நான் எப்படிச் சொல்வேன்?