கிலோ கணக்குல லென்ஸ்

இன்னைக்கு ஆரணியில கேமரா கடைக்குப் போனேன். ஏரியில பறவைங்கள எடுக்க ஜூம் லென்ஸ் வேணும். விலையும் கம்மியா, லேசா ஒண்ணு கேட்டேன்.

கடைக்கார அண்ணன் பெருசா ஒண்ண நீட்டினார். "கையில வெச்சுப் பாரும்மா, என்னா கனம்! கனமா இருந்தாதான் ஒசத்தி."

பட்டுப்புடவை விக்கிற ஊராச்சே, லென்ஸுக்கும் அதே பேச்சு!

"வாங்கண்ணே, வெளிய எடுத்துப் பாத்துடலாம்"ன்னேன்.

கனமானத அவரும், கடையில இருந்த லேசானத நானும் ஆளுக்கொரு கேமராவுல மாட்டிகினு நின்னோம். எதிர்ல மீன் கடை மேல பருந்து சுத்திகினு இருந்துச்சு. அது பாய்ஞ்சப்போ அண்ணன் கைய உதறிகினு இருந்தார். எனக்கு இறக்கை நுனிகூட பளிச்சுனு விழுந்துச்சு.

படத்தப் பாத்தார். "சூப்பரா கீதும்மா. ஆனா இவ்ளோ லேசா வாங்கினு போனா வீட்ல திட்ட மாட்டாங்க?"

லேசானதத்தான் வாங்கினு வந்தேன். உங்க ஊர்ல லென்ஸ் கிலோ என்ன வெலைங்க?